எழில்மொழியின் இருட்டறை

எங்கள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு அறவே பிடிக்காத இடம் ஒன்று இருந்தது. எழில்மொழியின் அறை. கதவுக்குப் பின்னால் கறுப்புத் திரை, ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புக் காகிதம், உள்ளே அழுது வடிகிற ஒரே ஒரு மஞ்சள் பல்பு. யார் கதவைத் தொட்டாலும் உள்ளேயிருந்து கூச்சல் வரும்: "வெளிச்சம்! வெளிச்சம்! கதவ சாத்துக்கா!" வெளிச்சம் பட்டால் அவளுடைய வைட்டமின்கள் கெட்டுப்போகுமாம். "ஏண்டி, ஊரே வெயில்ல வெந்துகினு கீது, உன் வைட்டமின் மட்டும் இன்னா ராஜா வூட்டுப் புள்ளையா?" என்று நான் கேட்பேன். நான் கதவைச் சாத்தும் வரை முறைத்துக்கொண்டே இருப்பாள்.

என் பெயர் ஜஸீமா. ராயபுரத்துக்காரி. திருவொற்றியூரில் இருக்கிற இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சர்க்கரை, உப்பு, யூரியா பார்க்கிற மேசை என்னுடையது. என் மெஷினில் ரத்தத்தை வைத்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். என் சுபாவத்துக்குத் தோதான வேலை. பொறுமை எங்கள் குடும்பத்திலேயே யாருக்கும் கிடையாது. என் அத்தா பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பிடிக்காமல் துறைமுகத்துக்கு நடந்தே போய் வந்தவர். அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து அறையில் ஒருத்தி இன்றைக்கு ஊறவைத்து, நாளைக்கு வடிகட்டி, அதற்கும் மறுநாள் பதில் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எழில்மொழி வியாசர்பாடிப் பெண். ஹவுசிங் போர்டு வீடு. அப்பா லட்சுமணன் ரயில்வேயில் பார்சல் ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். அம்மா சொக்கம்மாள் பேசினால் எதிர்வீட்டு மாடிக்கும் கேட்கும். வீட்டில் நுழைந்ததும் புத்தர் படம், அதற்குக் கீழே எழில்மொழி கால்பந்தில் வாங்கிய கோப்பைகள். அவள் கோல் கீப்பர். "முன்னால ஓடுறவ எல்லாம் பேரு வாங்கிக்குவா, நீ ஏண்டி பின்னாலயே நின்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "அங்க நின்னாதான் மொத்த கிரவுண்டும் தெரியும்கா" என்றாள். பந்தைப் பிடித்துப் பழகிய அகலமான கை அவளுக்கு. அந்தக் கையில் மெல்லிய கண்ணாடிக் குழாயைப் பார்த்தால் ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

வைட்டமின் அறைக்கு யாரும் போகப் பிரியப்படவில்லை. இருட்டு, ஆசிட் வாடை, தாமதம். இவள் கையைத் தூக்கினாள். போன பிறகு பல மாதங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. எடை பார்க்கிற தராசு அப்படிப்பட்டது. மூச்சு விட்டாலே எண் மாறும். எங்கள் தெருவிலோ கன்டெய்னர் லாரி ஓயாது. ஒரு லாரி போனால் கட்டடமே லேசாக நடுங்கும். எழில்மொழி ஜன்னல் ஓரம் காதை வைத்து, சிக்னலில் வண்டிகள் நிற்கிற இடைவெளிக்காகக் காத்திருந்து, அந்த இடைவெளிக்குள் எடை பார்ப்பாள். நான் கிண்டல் செய்வேன். அவள் லாரியைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மதியம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "வந்து பாருக்கா, வந்து பாரு!" மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு ஓர் ஊதா விளக்கைப் போட்டாள். வரிசையாக நின்ற கண்ணாடிக் குழாய்களில் மேலாக மிதந்த திரவம் மட்டும் நீலமாக எரிந்தது. எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. முதல் குழாயில் அழுத்தமான நீலம், அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு, கடைசியில் வெறும் இருட்டு. "பி ஒன்னுக்கா. தயமின். சும்மா பாத்தா ஒன்னியும் தெரியாது. ஒரு மருந்த ஊத்தி அத்த வேற ஆளா மாத்திட்டம்னா, இந்த வெளக்குல தானா வந்து நான் இங்க கீறேன்னு சொல்லும்." எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோற்றிலும் பாலிலும் ரத்தத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்க வைத்திருக்கிறாள் இவள், அதுவும் நான் டீ குடிக்கிற மேசைக்குப் பக்கத்து அறையில். வாய் மட்டும் பழக்கதோஷத்தில் "இதுக்கா இத்தினி நாளு?" என்று கேட்டுவிட்டது.

அந்த நீலத்தை அளக்க அவளிடம் ஒரு மெஷினும் இருந்தது. எண்ணை மெஷின் சொல்லும். ஆனால் எண் வருவதற்கு முன் எழில்மொழி எப்போதும் ஊதா விளக்கில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவாள்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தாள்: உள்ளே எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. நான் அதைக் கலெக்டர் உத்தரவு என்று கேலி செய்வேன். வாய்ப்புண்ணுக்காக டாக்டர் எனக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்த சமயம். அவளோடு பேசிக்கொண்டே அறைக்குள் நின்று மாத்திரையை இரண்டாக உடைத்து வாயில் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் அவள் பரிசோதனை முழுக்க நாசம். வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய்கூட நீலமாக ஜொலித்தது. மாத்திரையிலிருந்து பறந்த தூசு போதுமாம். "பேஜார் பண்ட்டியேக்கா! வெறும் ட்யூபு வெறுமையா இருந்தாதான, மத்ததுல இருக்கறது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியும்?" என்று அவள் கத்தியதில் சொக்கம்மாளின் குரல் எனக்குக் கேட்டது. அன்றைக்கு அறை முழுக்க என்னையே கழுவ வைத்தாள். கோபம் ஆறிய பிறகு என் மூத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி ஊதா விளக்கில் காட்டினாள். பச்சை கலந்த மஞ்சளில் அது பளபளத்தது. அது பி டூவாம், உடம்பு வேண்டாமென்று தள்ளிவிட்ட மிச்சமாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இந்த அறைக்குள்தான் ராமசெல்வியின் விஷயம் வந்து சேர்ந்தது.

ராமசெல்வி காலடிப்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கும் சுப்புராஜின் மனைவி. கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம். அவர்களுடைய மூன்று மாத ஆண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையில் ஓடிவந்தார்கள். உதடு நீலம் பாரித்து, முகமும் காலும் வீங்கி, நெஞ்சு பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் ரத்தம் எடுக்கப் போனேன். ஊசி குத்தியதும் பிள்ளை வாயைத் திறந்து அழுதான். சத்தம் வரவில்லை. முகம் அழுகிறது, கண்ணீர் வருகிறது, தொண்டையில் காற்று மட்டும் வருகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் என் கையில் அழுதிருக்கிறார்கள். சத்தமில்லாத அழுகையை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

டாக்டர் அபின் கெட்டிக்காரர். பிள்ளையின் குரலைக் கேட்டதுமே, அதாவது கேட்காததுமே, தாயிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பத்தியச் சாப்பாடு என்றாள். பச்சரிசிச் சோறு, மிளகு ரசம், வறுத்த பூண்டு. பருப்பு வாயு, கீரை பேதி, மீனும் முட்டையும் கூடாது. டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. பிள்ளையின் ரத்தத்திலும் தாயின் பாலிலும் கொஞ்சம் எழில்மொழிக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிள்ளைக்குத் தயமின் ஊசி போட்டார். தாய்க்கும் அதே மாத்திரை. சாயங்காலத்துக்குள் பிள்ளையின் மூச்சு நிதானப்பட்டது. மறுநாள் வீக்கம் வடிய ஆரம்பித்தது. வார்டு நர்சுகள் மாறி மாறி வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குரல் மட்டும் திரும்பவில்லை. அதற்கு நாளாகும் என்றார் டாக்டர்.

பிள்ளை பிழைத்துவிட்டான். ஆனால் ராமசெல்வி அவனைத் தொட மறுத்தாள்.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய முதல் பிள்ளையும் இதேபோல் மூன்றாம் மாதத்தில், இதேபோல் சத்தமில்லாமல் அழுது செத்திருக்கிறது. அப்போது அவர்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்தார்கள். மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்தார்கள். பிறவியிலேயே இதயம் பலவீனம் என்று அப்போது யாரோ சொன்னார்கள். சொந்தக்காரர்கள் வேறு சொன்னார்கள். இவள் பால் பிள்ளைக்கு ஆகாது, பாலிலேயே ஏதோ விஷம் இருக்கிறது என்று. இரண்டாவது பிள்ளைக்கும் அதே வந்ததும் ராமசெல்வி அதை நம்பிவிட்டாள். நர்சு பிள்ளையை மடியில் வைக்கப் போனால் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். நெஞ்சில் பால் கட்டி வலித்ததைக் கழுவுதொட்டியில் பிழிந்து விட்டாள். "வத்திப் போட்டும். ரெண்டு பிள்ளையக் கொல்லச் சொல்லுதியளா?" என்றாள். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். மாத்திரையை நர்சு வாயில் போட்டால் விழுங்கினாள், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். பால் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றாள். பிள்ளைக்கு நர்சுகளே பவுடர் பால் புகட்டினார்கள்.

சுப்புராஜுக்கு வேறு கோபம். டாக்டர் அவரிடம் அரிசியைக் குறை சொல்லிவிட்டார். நேராக எங்கள் கூடத்துக்கு வந்து நின்றார். மண்டிக்காரருக்கு உரிய கனத்த உடம்பு, சட்டைப் பையில் அரிசி பார்க்கிற சின்னக் குத்தூசி. "என் அரிசியையா குத்தம் சொல்லுதீங்க? மல்லியப்பூ கணக்கா அரிசி. ரெண்டு வருசம் பழசு. வேற மில்லுல குடுத்து ரெண்டாந்தடவை தீட்டி, நான் கையால பொறுக்கி வச்சது. இவளுக்கு அம்மா இல்ல. பிரசவத்துக்குப் பொறவு சோறாக்குனது நான்தான். தண்ணி தெளியுத மட்டும் கழுவி, உலை கொதிச்சதும் கஞ்சியைச் சுத்தமா வடிச்சு, பொலபொலன்னு போடுதேன். முதல் பிள்ளை போன பொறவு பத்தியத்தை இன்னும் கடுமையாக்கி வச்சிருக்கேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய?"

நான் ஏதோ வெடுக்கென்று சொல்ல வாயெடுத்தேன். எழில்மொழி முந்திக்கொண்டாள். "அரிசிய கொண்டாங்க சார், பாத்துர்லாம். அரிசி மட்டும் போதாது. வூட்ல எப்டி ஆக்குவீங்களோ அப்டியே ஆக்குங்க. கழுவுன தண்ணி, வடிச்ச கஞ்சி, சோறு, அல்லாத்தையும் தனித்தனியா எடுத்துகினு வாங்க. தவிடு கெடைச்சா அதுவும். உங்க கடையில விக்கிற புழுங்கலும் ஒரு பிடி."

மறுநாள் அவர் ஓர் அடுக்கு டிபன் கேரியரோடு வந்தார். நான் சாப்பாடு என்று நினைத்து என்ன குழம்பு என்று விசாரித்தேன். ஓர் அடுக்கில் அரிசி கழுவிய தண்ணீர், ஓர் அடுக்கில் கஞ்சி, ஒன்றில் சோறு, மேல் அடுக்கில் தவிடு, கூடவே ஒரு பொட்டலத்தில் புழுங்கலரிசி. எழில்மொழி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து ஆசிட்டில் கொதிக்க வைத்தாள், ஆறவிட்டாள், நொதி சேர்த்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டாள். அடுத்த நாள் வடிகட்டி, அந்த மருந்தை ஊற்றி, குலுக்கி, மேலே மிதந்ததைக் குழாய்களில் எடுத்து நிறுத்தினாள். வெறும் குழாய் ஒன்றும் வரிசையில் நின்றது. அது இல்லாமல் அவள் எதையும் காட்ட மாட்டாள். சுப்புராஜை உள்ளே கூப்பிட்டாள். நானும் நுழைந்துகொண்டேன், எதையும் வாயில் போடாமல்.

மஞ்சள் பல்பு அணைந்தது. ஊதா விளக்கு எரிந்தது.

தவிட்டுக் குழாய் நீலமாகப் பற்றிக்கொண்டது. அத்தனை அழுத்தமான நீலத்தை நான் அதற்குமுன் அங்கே பார்த்ததில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் மெல்லிய நீலம். வடித்த கஞ்சியில் மெல்லிய நீலம். புழுங்கலரிசியில் நல்ல நீலம். நடுவில் ஒரு குழாய் வெறும் குழாய்க்குப் பக்கத்தில் அதேபோல் இருட்டாக நின்றது. சுப்புராஜ் அதைக் காட்டி, "இது?" என்றார்.

"அதுதான் சார் சோறு" என்றாள் எழில்மொழி. "மில்லுல தீட்டசொல்லோ முக்காவாசி தவிட்டோட போயிடுது. பழசாகசொல்லோ கொஞ்சம் போவுது. கழுவசொல்லோ கொஞ்சம், வடிக்கசொல்லோ கொஞ்சம். தட்டுல விழறப்ப ஒன்னியும் இல்ல. பருப்பு, மீனு, கீரைன்னு துன்னா அதுல வந்துரும். பத்தியத்துல அதுவும் இல்ல."

"புழுங்கல்ல மட்டும் எப்படி?"

"நெல்ல அவிக்கசொல்லோ தவிட்டுல கீறது உள்ளார எறங்கிக்கும். அப்பால தீட்டுனாலும் போவாது."

சுப்புராஜ் குனிந்து அந்த இருட்டுக் குழாயையும் பக்கத்து வெறும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோடவுன் பூராவும் புழுங்கல் மூட்டைதான் தாயி. மூட்டை தூக்குத பயலுவ வீட்டுலயும் அதான் பொங்குதாவ. அவங்க பிள்ளைய எல்லாம் நல்லா இருக்கு. நான் என் பிள்ளைக்குன்னு தேடிப் புடிச்சு..." அவ்வளவு பெரிய ஆள் இருட்டில் அழுததைப் பார்த்து, முந்தாநாள் அவர்மேல் எனக்கு வந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், அந்த மனுஷன் செய்ததெல்லாம் பிரியத்தில் செய்தது. ஒரு லிட்டர் பாலில் இருக்க வேண்டிய தயமின் மொத்தமும் பொடியுப்பில் மூன்று நான்கு துணுக்கு எடைதான் இருக்குமென்று எழில்மொழி ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்தத் துணுக்கு இல்லாமல் ஒரு பிள்ளையின் இதயம் நின்றுபோகிறது, தொண்டையில் குரல் செத்துப்போகிறது. அதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. இதை எல்லாம் இப்படி இம்மியில் வைத்தவன் எவ்வளவு பெரியவன் என்று அல்லாஹ்வை நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுப்புராஜ் கேட்டார்: "செல்வி பால்ல விஷம்னு சொல்லுதாளே, அதை இதுல காட்ட முடியுமா?"

எழில்மொழி பொய் சொல்லத் தெரியாதவள். "விஷத்த இது காட்டாது சார். இது ஒரே ஒன்னைத்தான் காட்டும், கீதா இல்லையான்னு. மொதல் நாளு எடுத்த பாலு என்னாண்ட கீது. இப்ப மாத்திரை துன்னு நாளாயிட்ச்சு. புதுசா கொஞ்சம் பாலு குட்த்தாங்கன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். ஆனா அவங்க வந்து தன் கண்ணால பாக்கணும்."

"வர மாட்டாளே."

எழில்மொழி அதுவரை வார்டுக்குப் போனதே கிடையாது. நோயாளிகள் அவளுக்குக் குழாயில் வருகிறவர்கள். அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். ராமசெல்வி கழுவுதொட்டியின் முன்னால் நின்றிருந்தாள். தொட்டிக்குள் அப்போதுதான் விழுந்த பால் வெள்ளையாகக் கிடந்தது. எழில்மொழி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த சின்னக் கோப்பையை நீட்டினாள்.

"எப்டியும் தொட்டியிலதான ஊத்தப் போறே. இதுல கொஞ்சம் ஊத்து. நான் துன்னப் போறதில்ல, யாருக்கும் குடுக்கப் போறதுமில்ல. பாக்கப் போறேன், அவ்ளோதான்."

ராமசெல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யாரும் அவளிடம் அந்த மாதிரிக் கேட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். எல்லோரும் கொடு கொடு என்றே சொல்லியிருந்தார்கள். திரும்பி நின்று கோப்பையில் கொஞ்சம் பிழிந்து கொடுத்தாள்.

மறுநாள் அந்தப் பால் குழாய்க்குள் தயாராக நின்றது. ராமசெல்வி வந்தாள். சுப்புராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளி வராந்தாவில் நின்றார். வெளியாட்களைப் பரிசோதனை அறைக்குள் விடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அதனால் நான் வாசலில் காவல் நின்றேன். திரை விலகியே இருந்தது. எழில்மொழி அன்றைக்கு அதைக்கூடக் கவனிக்கவில்லை. ஊதா விளக்கைப் போட்டாள்.

மூன்று குழாய்கள். முதலாவது வெறும் குழாய், இருட்டு. இரண்டாவது ராமசெல்வி ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் எடுத்த பால். அதுவும் ஏறக்குறைய இருட்டு. மூன்றாவதைப் பார்த்ததும் ராமசெல்வி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அது நீலமாக எரிந்தது.

"இது யாருக்குள்ளது?" என்றாள்.

"உன்னுதுதான். நேத்து குட்த்தது."

"ரெண்டாவது?"

"அதுவும் உன்னுதுதான். அப்ப உன்னாண்டயே இல்ல. உன் ரத்தத்துல இல்லாதத உன் பாலு எங்கேர்ந்து கொண்டாரும்? இப்ப துன்றே, அதான் வருது."

ராமசெல்வி கையை நீட்டினாள். யாரையும் தன் குழாயைத் தொட விடாத எழில்மொழி அதை எடுத்து அவள் விரல்களுக்குள் வைத்தாள். அந்த நீலம் ராமசெல்வியின் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தாள். "மூத்தவனுக்கும் இது மட்டுந்தானா இல்லாமப் போச்சு?" என்று கேட்டாள். எழில்மொழி உள்ளதைச் சொன்னாள். "அவன அளந்து பாக்கலியே, அத்தால எனக்குத் தெரியாது. ஆனா நீ சொல்றத கேட்டா, அப்டித்தான் இருந்துருக்கும்மா." ராமசெல்வி அழவில்லை. குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அப்போது வராந்தாவில் ஒரு குழந்தை அழுதது. கரகரப்பான, கீச்சுக்குரல் அழுகை. ராமசெல்வி குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "யாரு வீட்டுப் பிள்ளையோ பசிக்கு அழுது" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் வேறு பிள்ளையே இல்லை. சுப்புராஜ் தோளிலிருந்தவனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "செல்வி!" என்று கத்தினார். "செல்வி, நம்ம பயதான்! சத்தம் வந்துட்டு!"

பிள்ளை மறுபடி அழுதான். ராமசெல்வியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து புடவை வரை ஈரம் இறங்கியது. அவள் எதுவும் முடிவு செய்யவில்லை; அவள் உடம்பு முந்திக்கொண்டுவிட்டது. குழாயை எழில்மொழி கையில் திணித்துவிட்டு அவள் இரண்டு கையையும் வாசல் பக்கம் நீட்டினாள். சுப்புராஜ் ஓடிவந்து பிள்ளையைக் கொடுத்தார். எழில்மொழி ஊதா விளக்கை அணைத்து மஞ்சள் பல்பைப் போட்டாள். தன் முக்காலியை இழுத்து ராமசெல்விக்குப் பின்னால் வைத்தாள். அவள் உட்கார்ந்தாள். அழுகை சட்டென்று நின்றது.

எழில்மொழி வெளியே வந்து கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது என்று எழுதியிருந்த அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்து, கோல் போஸ்ட்டில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றுகொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள். "நாளைக்கு ரூமு பூரா கழுவணும். நீயும் வா."

"வரேண்டி" என்றேன். என் மெஷின் வேலை முடிந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் போகவில்லை. உள்ளே அவன் குடித்து முடிக்கிற வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.